எதிராளி யார், எவ்வளவு தூரத்தில்: இணையக் கார்ப் பந்தயத்தில் திறன்வழிச் சேர்ப்பும் அந்தமான் நிக்கோபார் தீவுகளும்

மதுரை, சிவகங்கை, தூத்துக்குடி வட்டாரங்களின் மாட்டுவண்டிப் பந்தயங்களில் பெரிய மாடு, நடு மாடு, கரிச்சான், பூஞ்சிட்டு என்று மாடுகளைப் பிரித்து, பிரிவுக்குப் பிரிவு வேறு தூரம் குறித்து ஓடவிடுவது நெடுநாள் வழக்கம். பூஞ்சிட்டைப் பெரிய மாட்டின் பக்கத்தில் பூட்டினால் அது பந்தயமாகாது என்பதை அங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. குதிரைப் பந்தயங்கள் பலவற்றிலோ வழி வேறு: தரப்புள்ளி கூடிய குதிரையின் முதுகில் கூடுதல் எடையை ஏற்றி, வலுவானதையும் மெலிந்ததையும் ஒரே கோட்டுக்குக் கொண்டுவரப் பார்ப்பார்கள். முன்னது சமமானவரைத் தேடிச் சேர்க்கும் முறை, பின்னது சமமில்லாதவரைச் சமமாக்கும் முறை. இணையத்தில் ஓடும் கார்ப் பந்தய விளையாட்டுகளில் முன்னதை ஒரு நிரலே செய்கிறது. முகம் தெரியாத பன்னிரண்டு பேரையோ இருபது பேரையோ சில நொடிகளில் பொறுக்கி ஒரே தடத்தில் நிறுத்துகிறது. விளையாடுவோர் மேட்ச்மேக்கிங் என்று சொல்லும் இந்த ஏற்பாட்டை எதிராளி சேர்ப்பு எனலாம். அது நியாயமாக நடக்கிறதா என்ற கேள்விக்குப் பெரும்பாலும் திறனை அளக்கும் கணக்கைக் கொண்டே விடை தேடப்பட்டிருக்கிறது. ஆனால் அளக்கப்படுவது ஓட்டுபவரின் கையா, அவர் குடியிருக்கும் இடமா என்ற கேள்வி அதற்கு முந்தியது. இந்தியாவில் அதை அந்தமான் நிக்கோபார் தீவுகளைப் போலத் தெளிவாகக் காட்டும் இடம் அரிது.

திறனைப் புள்ளியாக்கும் கணக்கு சதுரங்கத்திலிருந்து வந்தது. ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் இயற்பியல் பேராசிரியராக இருந்த அர்பாத் எலோ வகுத்த முறையை அமெரிக்கச் சதுரங்கக் கூட்டமைப்பு 1960-இலும், உலகக் கூட்டமைப்பான ஃபிடே 1970-இலும் ஏற்றுக்கொண்டன. சதுரங்க வீரர்களான குகேஷ், பிரக்ஞானந்தா பற்றிய செய்திகளோடு எலோ புள்ளியும் நாளிதழ்களில் வருவதால் தமிழ் வாசகருக்கு அது புதிதல்ல. இருவருக்கு இடையே 200 புள்ளி வேறுபாடு இருந்தால் மேலே இருப்பவர் நூற்றுக்கு ஏறத்தாழ 76 பங்கு புள்ளிகளையும், 400 வேறுபாடு இருந்தால் 91 பங்கையும் எடுப்பார் என்று அக்கணக்கு எதிர்பார்க்கிறது. எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாக எடுத்தவருக்குப் புள்ளி ஏறும், குறைவாக எடுத்தவருக்கு இறங்கும். எதிராளி சேர்ப்பு இதைத் தலைகீழாகப் பயன்படுத்துகிறது. முடிவைக் கணிக்க முடிகிற ஜோடிகளைத் தவிர்த்து, கணிக்க முடியாத ஜோடியைத் தேடுவதே அதன் வேலை.

சதுரங்கத்தில் இருவர், கார்ப் பந்தயத்தில் பலர். இருபது கார்கள் ஓடிய ஒரு பந்தயத்தின் முடிவைப் பிரித்தால் அதற்குள் 190 இருவர் போட்டிகள் இருக்கின்றன. முதலில் வந்தவர் பத்தொன்பது பேரை வென்றவர், பத்தாவதாக வந்தவர் பத்துப் பேரை வென்று ஒன்பது பேரிடம் தோற்றவர். இவ்வாறான பலர் கூடும் ஆட்டங்களையும் கணக்கில் கொள்ளும்படி மைக்ரோசாஃப்டின் கேம்பிரிட்ஜ் ஆய்வகத்தில் உருவான ட்ரூஸ்கில் என்ற முறை 2005-இல் எக்ஸ்பாக்ஸ் லைவ் என்ற இணைய விளையாட்டுச் சேவையில் வந்தது. ஒவ்வொருவருக்கும் ஓர் எண்ணை மட்டும் வைக்காமல் அது இரண்டு எண்களை வைக்கிறது: ஒன்று திறனைப் பற்றிய மதிப்பீடு, மற்றொன்று அந்த மதிப்பீட்டின் மேலுள்ள ஐயம். புதிதாக வருபவருக்கு மதிப்பீடு 25, ஐயம் ஏறத்தாழ 8.33. மதிப்பீட்டிலிருந்து மும்மடங்கு ஐயத்தைக் கழித்துத்தான் பட்டியலில் இடம் தரப்படும் என்பதால் முதல் நாளில் எல்லோரும் சுழியத்தில் தொடங்குகிறார்கள். ஆட ஆட ஐயம் சுருங்கும். சுருங்கச் சுருங்க ஒரு வெற்றியோ தோல்வியோ மதிப்பீட்டை அசைக்கும் அளவும் குறையும். அளப்பவர் தமக்குத் தெரியாததையும் ஓர் எண்ணாக எழுதி வைத்துக்கொள்ளும் இந்த அடக்கம் எலோவின் கணக்கில் இல்லாதது.

இம்முறைகள் எல்லாவற்றுக்கும் அடியில் ஓர் அனுமானம் கிடக்கிறது. ஒரு நாளின் ஆட்டம் என்பது ஆடுபவரின் திறனோடு அன்றைய அதிர்ஷ்டம் கூடியது, அதிர்ஷ்டம் சில நாள் ஏற்றியும் சில நாள் இறக்கியும் காலப்போக்கில் தன்னைத்தானே அடித்துக்கொண்டு போய்விடும், மிஞ்சுவது திறன் என்பதே அது. தினமும் ஒரே பக்கம் மட்டுமே சாய்கிற ஒன்றை அதிர்ஷ்டம் என்று சொல்ல இயலாது. தீவுகளின் தகவல் தொடர்பு நெடுங்காலம் அப்படிச் சாய்ந்தே இருந்தது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அந்தமான் நிக்கோபார் தீவுகளில் 3,80,581 பேர் வாழ்ந்தனர். வங்காளம், இந்திக்கு அடுத்தபடியாகத் தமிழைத் தாய்மொழியாகக் குறித்தவர் சுமார் 15 சதவீதம். இவர்களின் இணையம் முழுவதும் 2020 வரை செயற்கைக்கோள் வழியாகவே வந்தது. இதற்குப் பயன்பட்ட தொலைத்தொடர்புச் செயற்கைக்கோள் நிலநடுக்கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்பதால், தரையிலிருந்து மேலேறி மறுபடி தரையைத் தொட ஒரு சைகை 71,500 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்ய வேண்டும். ஒளியின் வேகத்தில் போனாலும் அதற்குக் கால் நொடிக்குச் சற்றே குறைவான நேரம் பிடிக்கும்; கேட்டதற்கு விடை திரும்பி வர அரை நொடி; இடையிலுள்ள கருவிகளின் நேரத்தையும் சேர்த்தால் அதற்கும் மேல். இந்தப் போய்வரும் நேரத்தைத்தான் விளையாடுவோர் பிங் என்கிறார்கள். எந்தப் பொறியாளராலும் குறைக்க முடியாத தாமதம் அது, ஏனெனில் அதில் பெரும்பகுதி வெறும் தூரம்.

2018 டிசம்பர் 30 அன்று அடிக்கல் நாட்டப்பட்டு, 2020 ஆகஸ்ட் 10 அன்று தொடங்கிவைக்கப்பட்ட சென்னை–அந்தமான் கடலடிக் கேபிள் இதை மாற்றியது. சுமார் 2,300 கிலோமீட்டர் நீளமும் 1,224 கோடி ரூபாய் செலவும் கொண்ட இக்கண்ணாடியிழை வடத் திட்டத்தை பிஎஸ்என்எல் நிறைவேற்றியது. அது சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கும், அங்கிருந்து ஸ்வராஜ் தீவு எனப்படும் ஹேவ்லாக், லாங் தீவு, ரங்கத், ஹட்பே, கார் நிக்கோபார், கமோர்த்தா, கேம்பல் பே ஆகிய இடங்களுக்கும் செல்கிறது. கண்ணாடியிழைக்குள் ஒளி நொடிக்கு ஏறத்தாழ இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடும். எனவே வடத்தின் மொத்த நீளத்தையும் ஒரு சைகை கடந்து திரும்புவதாக வைத்துக்கொண்டாலும் ஆகும் நேரம் நொடியில் ஆயிரத்தில் 23 பங்குதான். (2024 செப்டம்பரில் போர்ட் பிளேரின் பெயர் ஸ்ரீ விஜயபுரம் என்று மாறியது.)

பொதுவாகப் பேசப்படுவது இணையத்தின் வேகம், அதாவது ஒரு படம் எவ்வளவு விரைவாக இறங்குகிறது என்பது. பந்தய விளையாட்டுக்கு அது பெரிய பொருட்டல்ல. ஒரு காரின் இடம், திசை, வேகம் ஆகியவற்றைச் சொல்ல மிகச் சிறிய தகவல் போதும். அத்தகவல் எத்தனை பழையதாக வந்து சேர்கிறது என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. மணிக்கு 180 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் ஒரு நொடியில் 50 மீட்டர் கடக்கும். தீவிலிருந்து செயற்கைக்கோள் வழியே நாட்டின் நிலப்பகுதிக்கு 0.3 நொடி பழையதாக வந்த தகவலை அப்படியே திரையில் வரைந்தால், அந்தக் கார் உண்மையில் இருக்கும் இடத்துக்கு 15 மீட்டர் பின்னால், மூன்று கார் நீளம் தள்ளித் தெரியும். அதனால் எந்த விளையாட்டும் அப்படி வரைவதில்லை. கடைசியாகத் தெரிந்த வேகத்திலேயே கார் தொடர்ந்து போய்க்கொண்டிருப்பதாக ஊகித்து, 15 மீட்டர் முன்னால் கொண்டுபோய் வரைகிறது. நேர்ச்சாலையில் இந்த ஊகம் ஏறக்குறைய பொய்க்காது.

வளைவு வரும்போதுதான் அது பொய்க்கும். தீவுக்காரர் பிரேக்கை அழுத்துகிறார். நொடிக்கு நொடி காரின் வேகம் 10 மீட்டர் வீதம் குறைகிறது. சென்னைக்காரரின் திரையில் அந்தக் கார் இன்னும் முழு வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறது. தகவல் 0.3 நொடி பழையதானால் பிழை 45 சென்டிமீட்டர், அதாவது ஒரு முழம். கேபிள் வந்தபின் அதே தகவல் 0.03 நொடிதான் பழையது என்று கொண்டால் பிழை அரை சென்டிமீட்டர்கூட இல்லை. தாமதம் பத்தில் ஒன்றானபோது பிழை நூறில் ஒன்றாகிவிட்டது, ஏனெனில் இப்பிழை தாமதத்தின் வர்க்கமாக வளர்வது. இதைவிட விசித்திரமானது, செயற்கைக்கோள் காலத்தில் போர்ட் பிளேரின் ஒரே தெருவில் இருக்கும் இருவர் மும்பையிலுள்ள செர்வர் என்னும் நடுக் கணினி வழியாக மோதுகிற நிலை. ஒருவரின் தகவல் வானேறி இறங்கி, செர்வரைத் தொட்டு, மறுபடி வானேறி இறங்கி அடுத்த வீட்டுக்கு வரும், 0.6 நொடி; பிழை 1.8 மீட்டர், நான்கு முழம், ஒரு காரின் அகலம். ஒருவர் திரையில் இடைவெளி விட்டுக் கௌரவமாக வளைகிற கார், மற்றவர் திரையில் அவர் வண்டியின் உள்ளேயே நுழைந்திருக்கும். உண்மைத் தகவல் வந்து சேர்ந்ததும் நிரல் அதைச் சரியான இடத்துக்கு வெடுக்கென இழுக்கும். லேக் அடிக்கிறது என்று வைவது இதைத்தான்.

இந்த ஒரு முழம் எங்கே போய்ச் சேருகிறது என்று பார்க்க வேண்டும். கார்ப் பந்தயத்தில் வேகம் மட்டும் திறனாகாது. இடித்துத் தள்ளி முன்னேறுபவரையும் அளந்தாக வேண்டும். இதற்காக 2008-இல் தொடங்கிய ஐரேசிங் என்ற இணையப் பந்தய விளையாட்டு இரண்டு தனித்தனி அளவுகோல்களை வைத்தது. ஒன்று முடிவுகளைப் பொறுத்த தரப்புள்ளி. பந்தயத்துக்குப் பெயர் கொடுத்தவர்களை இதன்படி வரிசைப்படுத்தி, மேல்தட்டை ஒரு களமாகவும் அடுத்ததை இன்னொரு களமாகவும் வெட்டுகிறார்கள். மற்றொன்று பாதுகாப்புப் புள்ளி. எத்தனை வளைவுகளைக் கடந்ததில் எத்தனை அசம்பாவிதம் என்பதே அதன் கணக்கு. தடத்தைவிட்டு இறங்கினால் ஒன்று, கட்டுப்பாடு இழந்தால் இரண்டு, மற்றொரு காரோடு பலமாக மோதினால் நான்கு. 2017-இல் வந்த கிரான் டூரிஸ்மோ ஸ்போர்ட் இதே எண்ணத்தை ஓட்டுநர் தரம், விளையாட்டுப் பண்புத் தரம் என்று பரவலாக்கியது. திறனையும் பண்பையும் வேறு வேறு ஏட்டில் எழுதியது இத்துறையின் சிறந்த முடிவுகளுள் ஒன்று என்பதில் ஐயமில்லை. ஆனால் ஐரேசிங்கில் மோதலுக்கு யார் காரணம் என்று புள்ளி போடும் நிரல் விசாரிப்பதில்லை. மோதிய இருவர் கணக்கிலும் அசம்பாவிதப் புள்ளி ஏறும். யார் குற்றவாளி என்று நிரல் தீர்மானிக்க முற்பட்டால் அதை ஏமாற்றும் வித்தைகள் மறுநாளே பிறந்துவிடும் என்பதால் அந்த மௌனத்துக்கு நியாயம் உண்டு. எல்லோருக்கும் தாமதம் ஏறத்தாழ ஒன்றாக இருக்கும்வரை அது சரியே. ஒருவருக்கு மட்டும் ஒவ்வொரு பந்தயத்திலும் ஒரு முழம் பிழை இருந்தால், அவர் எங்கே போனாலும் மோதல் கூடவே வரும். இடிபட்ட மற்றவர்கள் நாளுக்கு நாள் மாறுவார்கள், அவர் மாறமாட்டார். வளைவுக்கு வளைவு கூட்டிப் பார்க்கும் கணக்கில் அவர் முரடராகப் பதிவாவார். முரடர்களின் களத்துக்கு அனுப்பப்படுவார். அங்கே உண்மையான முரடர்கள் இடிப்பதால் அவருடைய பதிவு மேலும் கெடும்.

தரப்புள்ளியும் இதற்குத் தப்பாது. தாமதமான இணைப்பில் நெருக்கமான முந்தல்களைத் தவிர்த்து ஒதுங்கி ஓட்டியவரின் மதிப்பீடு அவருடைய கைக்குரியதைவிடத் தாழ்வாகவே நிலைக்கும். இதில் ஒரு சிக்கலான நியாயமும் உண்டு: இணைப்பு மாறாதவரை அந்தத் தாழ்ந்த எண்ணே சரியான எதிராளியைக் கொண்டுவருகிறது, பந்தயமும் சமமாகவே முடிகிறது. ஓட்டுநரும் இணைப்பும் சேர்ந்த கூட்டை அளந்த எண் அது. கேபிள் கரையேறி இணைப்பு ஒரே நாளில் மாறும்போதுதான் எண்ணின் பொய் வெளிப்படும். அதற்குள் ட்ரூஸ்கில் போன்ற முறையில் ஐயம் சுருங்கியிருக்கும். கணக்கு தன்னம்பிக்கையோடு பழைய எண்ணையே பிடித்துக்கொண்டிருக்கும். அவர் வாரக்கணக்கில் தம்மைவிட மெலிந்தவர்களை வென்றுகொண்டிருப்பார். வேண்டுமென்றே புதுக் கணக்குத் தொடங்கிப் புதியவர்களை அடித்து மகிழ்கிறவர்களை ஸ்மர்ஃப் என்று விளையாடுவோர் வெறுப்போடு அழைக்கிறார்கள். தீவுக்காரர் ஒன்றும் செய்யாமலே அப்பெயருக்கு ஆளாகக்கூடும். பிங் திடீரென மாறியவருக்கு ஐயத்தை மறுபடி விரித்துவிடுவது எளிய திருத்தம். ஒவ்வொரு பந்தயத்திலும் பிங் பதிவாகவே செய்வதால் இதற்குப் புதுக் கருவி எதுவும் வேண்டியதில்லை.

கேபிளும் தூரத்தை ஒழித்துவிடவில்லை, அதன் வடிவத்தைத்தான் மாற்றியது. பெரிய நிக்கோபாரின் கேம்பல் பேயிலிருந்து நேர்கோட்டில் சிங்கப்பூர் ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர்; சென்னை அதைவிடத் தொலைவு; மும்பை 2,600 கிலோமீட்டருக்கு மேல். நிலப்படத்தைப் பார்த்து எதிராளி சேர்ப்பவர் அங்கிருப்பவரைச் சிங்கப்பூர்க் களத்தில் வைப்பார். வடமோ மேற்கே சென்னைக்குப் போகிறது. சிங்கப்பூருக்குப் போக வேண்டிய சைகை முதலில் வங்கக் கடலைக் கடந்து சென்னையில் ஏறி, வேறொரு கடலடி வடத்தில் புகுந்து, வந்த திசையிலேயே மீண்டும் கிழக்கே போகும். சோழன் முதலாம் இராசேந்திரனின் மெய்க்கீர்த்தி கடாரப் படையெடுப்பில் நக்கவாரத்தை, அதாவது நிக்கோபாரைக் குறிப்பிடுகிறது; அன்று அத்தீவுகள் கிழக்கே போகும் வழியில் இருந்தன; இன்றைய சைகைக்கு அவை வழியில் இல்லை, வழியின் முனையில் இருக்கின்றன. ஆகவே நியாயமான சேர்ப்பு நிலப்படத்தை நம்பாமல் ஒவ்வொரு செர்வருக்கும் உள்ள பிங்கை நேரடியாக அளக்க வேண்டும். அளந்தால் பெரும்பாலும் சென்னைக்கோ மும்பைக்கோ அருகிலுள்ள செர்வர்தான் வெல்லும். அமேசானின் கணினி மையம் 2016-இல் மும்பையில் திறக்கப்படும்வரை இந்தியர் பலரும் சிங்கப்பூர்ச் செர்வர்களை நம்பியிருந்ததை நினைத்தால் இந்த வசதியே அண்மையது. மற்றொரு இந்தியத் தீவுக்கூட்டமான இலட்சத்தீவுக்குக் கொச்சியிலிருந்து கடலடி வடம் வந்தது 2024 ஜனவரியில்தான்.

தாமதம் தணிந்தபின் மிஞ்சுவது ஆள் பற்றாக்குறை. பன்னிரண்டு கார் பந்தயம் ஒன்றுக்கு ஒரு மணி நேரத்தில் 600 பேர் வருவதாக வைத்துக்கொண்டால், யார் வந்தாலும் சேர்த்துக்கொள்கிற களம் 72 நொடியில் நிரம்பும். நெருங்கிய திறனுள்ள நான்கில் ஒரு பங்கினரை மட்டும் சேர்ப்பதென்றால் ஏறத்தாழ ஐந்து நிமிடம். அவர்களிலும் பிங் நன்றாக இருக்கும் பாதிப் பேர் என்றால் பத்து நிமிடம். மணிக்கு 60 பேர் மட்டுமே வரும் நேரத்தில் இதே கண்டிப்பு நூறு நிமிடம் காக்கவைக்கும், யாரும் காக்கமாட்டார்கள். அதனால் எல்லா நிரல்களும் நொடிகள் செல்லச் செல்ல வலையை அகல விரிக்கின்றன. முதலில் திறனில் தளர்வதா தூரத்தில் தளர்வதா என்பதில்தான் நிறுவனங்களின் குணம் தெரிகிறது. தீவுகளுக்கு இதில் சூரியனும் குறுக்கே நிற்கிறது. கடிகாரம் இந்திய நேரத்தில் ஓடினாலும் டிசம்பரில் போர்ட் பிளேரில் மாலை 5 மணியை ஒட்டி இருட்டிவிடும். மும்பையில் அப்போது இன்னும் ஒரு மணி நேர வெயில் இருக்கும். தீவின் மாலைப்பொழுது தொடங்கும்போது நிலப்பகுதியின் கூட்டம் இன்னும் வேலையிலிருந்து திரும்பியிராது.

நியாயம் என்று சொல்லப்படுவது யாருக்கு என்பதும் தீர்ந்த கேள்வியல்ல. 2017-இல் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் என்ற விளையாட்டு நிறுவனத்தின் ஆய்வாளர்களின் பங்கோடு வெளியான ஓர் ஆய்வு, சமமான ஆட்டமே ஆடுபவரைத் தக்கவைக்கும் என்ற நம்பிக்கையை மறுத்து, யாரை யாரோடு சேர்த்தால் விட்டுப்போகும் வாய்ப்பு குறையும் என்று நேரடியாகக் கணக்கிடும் முறையை முன்வைத்தது. அதன்படி தொடர்ந்து தோற்றவருக்கு எளிய எதிராளி கிடைக்கலாம். அந்த எளியவர் யார், அவரிடம் கேட்டார்களா என்பதற்கு அந்தக் கணக்கில் இடமில்லை. துப்பாக்கிச் சண்டை விளையாட்டான கால் ஆஃப் டியூட்டியை நடத்தும் ஆக்டிவிஷன் 2024-இல் தன் சேர்ப்பு முறையை விளக்கியபோது இணைப்பின் தரத்தையே முதல் காரணியாகச் சொன்னது. தூரக்காரர்களைப் பற்றி அது யோசித்ததோ இல்லையோ, வரிசை சரியானது: தகவல் பழையதாக வரும் களத்தில் திறனைப் பற்றிப் பேசுவதே வீண்.

சட்டமும் திறன் என்ற சொல்லோடு நெடுநாள் மல்லுக்கட்டியிருக்கிறது. கே. ஆர். லட்சுமணன் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல் குதிரைப் பந்தயம் திறன் சார்ந்தது என்று தீர்ப்பளித்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணைய விளையாட்டுச் சட்டம், பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் திறனா அதிர்ஷ்டமா என்று பாராமல் தடைசெய்து, இ-ஸ்போர்ட்ஸ் எனப்படும் மின் விளையாட்டுகளைத் தனியே அங்கீகரித்தது. கைத்திறன், மதிநுட்பம், உத்தி போன்றவை மட்டுமே முடிவைத் தீர்மானிக்க வேண்டும் என்பது அங்கீகாரத்தின் சாரம். மட்டுமே என்ற சொல்லைக் கண்டிப்பாகப் படித்தால், கேபிளின் எந்த முனையில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார் என்பது முடிவில் பங்கெடுக்கும் போட்டி அந்த வரையறைக்குள் வருமா என்று ஒரு வழக்கறிஞர் கேட்கலாம். காசு கொடுத்து எஞ்சினை வலுவாக்கும் கைப்பேசிப் பந்தயங்களைப் பற்றி அவர் கேட்க வேண்டியது இன்னும் அதிகம்.

தாமதத்தை எதிர்த்துப் போராடாமல் விலகி நடந்த வழிகளும் உண்டு, தீவுகளுக்கு அவையே பெரிதும் பொருந்துபவை. பிரான்சின் நாடியோ நிறுவனம் உருவாக்கிய ட்ராக்மேனியாவில் பொதுவாகக் கார்கள் ஒன்றையொன்று ஊடுருவிச் செல்லும். ஒவ்வொருவரின் ஓட்டமும் அவரவர் கருவியிலேயே கணக்கிடப்படுவதால் எதிராளியின் படம் ஒரு முழம் தள்ளித் தெரிந்தாலும் யாருக்கும் நட்டமில்லை. 2013-இல் வந்த கைப்பேசிப் பந்தய விளையாட்டான ரியல் ரேசிங் 3 இன்னும் ஒரு படி போனது. எதிராளி முன்பே ஓடிப் பதிவான நேரத்தை வாங்கிவைத்து, அந்த நேரத்துக்கு ஏற்ப ஓடும்படி கணினி ஒரு காரைச் செலுத்தியது. இருவரும் ஒரே பொழுதில் இணைந்திருக்கத் தேவையில்லை. பிங், காத்திருப்பு, மாலை 5 மணி இருட்டு மூன்றும் ஒருசேர மறைகின்றன. உலகம் முழுவதிலிருந்தும் தன் தரத்துக்கு ஒத்தவரைப் பொறுக்கலாம். இலங்கையிலிருந்து திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் ரப்பர்த் தோட்டங்களில் குடியேற்றப்பட்ட கச்சால் தீவு, கேபிள் கரையேறிய எட்டு இடங்களில் ஒன்றல்ல. அங்கிருக்கும் ஒருவருக்கும் சமபல எதிராளியைத் தரக்கூடிய முறை இது. தொழில்முறைப் பந்தய விளையாட்டுகள் இதைச் சிறுபிள்ளை ஏற்பாடாகப் பார்ப்பது சரியல்ல; தகுதிச் சுற்று என்பதே தனியே ஓடி நேரம் பதிவுசெய்வதுதான், திறனை மிகச் சுத்தமாக அளப்பதும் அச்சுற்றுதான். அதில் இல்லாதது வளைவின் நுழைவாயிலில் இரண்டு பேர் ஒரே இடத்தை விரும்பும் அந்த அரை நொடி. பதிவில் ஓடும் கார் பின்னால் வருபவரைக் கண்ணாடியில் பார்ப்பதில்லை. அதற்கு வழிவிடவும் தெரியாது, மறிக்கவும் தெரியாது.